ஜி.சி.என். வெடிப்பு அறிவிப்புச் சேவை: அல்சூர் மொட்டைமாடியிலிருந்து ஒரு மதிப்பீடு

காமா கதிர் வெடிப்பு (தொலைதூர விண்மீன் மண்டலங்களில் சட்டென எழுந்து மறையும் காமா கதிர்ப் பாய்ச்சல்) ஒன்று வானில் எந்த இடத்தில், எந்த நேரத்தில் நிகழ்ந்தது என்பதை உலகெங்கும் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு உடனுக்குடன் சொல்லி அனுப்புவதே ஜி.சி.என். சேவையின் வேலை. நாசாவின் கோடார்ட் மையம் இதை நடத்துகிறது. கட்டணம் எதுவும் கிடையாது. பெங்களூர் அல்சூரில் ஒரு நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியையும் ஒரு கேமராவையும் வைத்துக்கொண்டு, 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மின்னஞ்சல் வழியாகவும், பின்னர் காஃப்கா (நிரல் மூலம் செய்திகளை ஓடையாகப் பெற உதவும் மென்பொருள்) வழியாகவும் இந்தச் சேவையைப் பெற்று வருகிறேன். அந்த அளவுக் கருவி உள்ளவரை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஹான்லே, காவலூர் வானாய்வகங்களில் பெரிய ஆடிகளோடு வேலை செய்பவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

முதலில், கைக்கு வந்து சேரும் பொருள் எப்படியிருக்கும் என்று பார்ப்போம். அறிவிப்பு என்பது அழகுபடுத்தப்படாத சில பத்து வரிகள் மட்டுமே. நாள் ஓர் ஐந்திலக்க எண்ணாகவும், நேரம் அந்த நாள் பிறந்ததிலிருந்து கடந்த விநாடிகளாகவும் தரப்பட்டிருக்கும். அதன் கீழே வானில் இடத்தைக் குறிக்கும் இரு எண்களான வல ஏற்றம், நடுவரை விலக்கம், அந்த இடம் எவ்வளவு விலகியிருக்கலாம் என்னும் பிழை, சூரியனுக்கும் அந்த இடத்துக்கும் உள்ள கோண இடைவெளி, நிலவுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி, நிலவின் வெளிச்சம் எத்தனை விழுக்காடு என்பன வரிசையாக வரும். 2022 அக்டோபர் 9 அன்று வந்த ஸ்விஃப்ட் அறிவிப்பில் நாள் 19861 என்றும், நேரம் 51017 விநாடி என்றும் இருந்தன. அதை 3600-ஆல் வகுத்தால் உலக நேரம் 14 மணி 10 நிமிடம் 17 விநாடி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரப்படி இரவு 7 மணி 40 நிமிடம். மனித வாசிப்புக்கான நேரமும் பக்கத்திலேயே இருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் தொடக்க காலத்தில் ஒரு முறை ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டு, வெடிப்பு நடந்து வெகு நேரம் ஆகிவிட்டது என்று நினைத்துத் தொலைநோக்கியை மூடியே வைத்திருந்தவன் நான். அது சேவையின் குற்றமன்று.

என் அனுபவத்தில், இந்த அறிவிப்பில் முதலில் படிக்க வேண்டிய வரி இடத்தைச் சொல்லும் வரி அன்று. பிழையைச் சொல்லும் வரிதான். இடம் எப்போதும் மிகத் துல்லியமாகவே தோன்றும், ஏனெனில் கணினி நான்கு தசம இலக்கங்களைத் தயங்காமல் எழுதிவிடும். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அடுத்த வரி சொல்கிறது. 2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி செயற்கைக்கோளின் ஜி.பி.எம். கருவியில் 14 உணரிகள் வெவ்வேறு திசைகளைப் பார்த்தபடி பொருத்தப்பட்டுள்ளன. எந்த உணரியில் எண்ணிக்கை கூடியது, எதில் குறைந்தது என்பதை ஒப்பிட்டுத்தான் அது திசையைக் கணிக்கிறது. வீட்டின் எந்தப் பக்கச் சுவர் அதிகம் சுடுகிறது என்று தொட்டுப் பார்த்து வெயில் வரும் திசையைச் சொல்வதைப் போன்ற வேலை இது. ஆகவே பிழை பல பாகைகள் வரை போகும். ஆரம் 5 பாகை என்று வைத்துக்கொண்டால், தேட வேண்டிய வட்டத்துக்குள் நானூறு முழுநிலவுகளை அடுக்கிவைக்கலாம். என் கேமராவுக்கு ஒரே நேரத்தில் ஒரு நிலவும் அதைச் சுற்றிக் கொஞ்சம் இடமும்தான் தெரியும்.

2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் வேறு வகை. அதன் பேட் கருவியின் மேல், ஏறத்தாழ 52,000 சிறு ஈயத் தகடுகளை ஒழுங்கற்ற முறையில் பதித்த திரை ஒன்று உள்ளது. காமா கதிர்கள் அந்தத் திரையைத் தாண்டிக் கீழே விழும்போது உண்டாகும் நிழற்கோலத்தை வைத்து இடம் கணிக்கப்படுகிறது. திசைக்குத் திசை கோலம் வேறுபடும் என்பதால், பிழை மூன்று கலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு கலை என்பதை நினைவில் கொண்டால், அந்த வட்டம் முழுநிலவுக்குள் எளிதாக அடங்கிவிடும் என்பது விளங்கும். பிறகு செயற்கைக்கோள் யாரையும் கேட்காமல் தானே அந்தப் பக்கம் திரும்பித் தன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியால் பார்க்கிறது. அதன் பின் வரும் அறிவிப்பில் பிழை சில விகலைகளாகிவிடும் (ஒரு கலையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை). ஃபெர்மியின் அறிவிப்பு வந்தால் நான் மாடிக்குப் போவதில்லை. ஸ்விஃப்டின் அறிவிப்பு வந்தால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போகிறேன்.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. வெடிப்பு என்பது சில விநாடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள் நீடிப்பது. அதில் பிறந்த பீற்றம், அதாவது பீறிட்டுப் பாயும் துகள் தாரை, சுற்றியுள்ள வாயுவில் மோதும்போது எழும் பின்னொளிதான் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டக்கூடியது. பின்னொளி பெரும்பாலும் கடந்த நேரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மங்குகிறது. முதல் நிமிடத்தில் இருந்த ஒளியில் பத்தாம் நிமிடத்தில் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்கும் பொலிவெண் கணக்கில் இது இரண்டரை படி இறக்கம். நகரத்து வானில் அந்த இரண்டரை படி என்பது தெரிவதற்கும் தெரியாததற்கும் நடுவே உள்ள தூரம். வெடிப்புகளை வேலா செயற்கைக்கோள்கள் 1967-இலேயே பதிவு செய்திருந்தும், முதல் பின்னொளியைப் பிடிக்க 1997 வரை ஆயிற்று. இடம் தெரிந்து, அது உரியவர்களின் கைக்குச் சேரும் முன் ஒளி மங்கிவிடும் என்பதே அந்த முப்பது ஆண்டுத் தாமதத்தின் பெரும்பகுதி. காம்ப்டன் செயற்கைக்கோளின் பேட்சி கருவிக்காக 1993-இல் தொடங்கப்பட்ட அறிவிப்பு அமைப்பே இன்றைய ஜி.சி.என்.-இன் முன்னோடி.

வேகத்தைப் பொறுத்தவரை என்னிடம் எந்தக் குறையும் இல்லை. ஸ்விஃப்டின் முதல் இட அறிவிப்பு, வெடிப்பை உணர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகாத நிலையில் கைபேசியை எட்டியதைப் பல முறை கண்டிருக்கிறேன். உறையை நீக்கித் தொலைநோக்கியைச் சீரமைக்க நான் எடுத்துக்கொள்ளும் எட்டு நிமிடங்கள்தான் வெட்கப்பட வேண்டியவை.

மேலே சொன்ன 2022 அக்டோபர் 9-ஐப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் தன்மையை நான் உண்மையில் புரிந்துகொண்டது அன்றுதான். ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி, எங்கள் பகுதியில் வானம் முழுக்க மேகம். இரவு 7.40-க்கு ஸ்விஃப்ட் உணர்ந்த பொருள் இருந்த இடம், திருவோண நட்சத்திரத்துக்கு வடமேற்கே, பெங்களூரில் ஏறத்தாழ உச்சிக்கு அருகில். அந்த இடம் பால்வீதிப் பட்டையை ஒட்டியே இருந்ததால், ஸ்விஃப்ட் குழுவினர் ஜி.சி.என். வழியாக எழுதி அனுப்பிய முதல் சுற்றறிக்கை, இது நம் விண்மீன் மண்டலத்துக்குள்ளேயே உள்ள புதிய எக்ஸ் கதிர் மூலமாக இருக்கலாம் என்று கருதி, அதற்கேற்ற பெயரையும் சூட்டியது. சில மணி நேரத்தில் கணக்கு மாறியது. அதே திசையில், 53 நிமிடங்களுக்கு முன்பே, அதாவது நம் நேரப்படி மாலை 6.47-க்கு, ஃபெர்மி மிகப்பெரிய வெடிப்பு ஒன்றைப் பதிவு செய்திருந்தது. ஸ்விஃப்ட் கண்டது வெடிப்பை அன்று, அதன் பின்னொளியை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கழித்தும் புதிய வெடிப்பு என்று கருவி நம்பும் அளவுக்கு அந்தப் பின்னொளி பிரகாசமாக இருந்தது. ஜி.ஆர்.பி. 221009ஏ என்று பெயர் மாற்றப்பட்ட அந்த நிகழ்வின் செம்பெயர்ச்சி (தொலைவைக் காட்டும் அளவு) 0.151, ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் ஆகியிருந்தன. இதுவரை பதிவானவற்றில் மிகப் பிரகாசமான வெடிப்பு அதுவே. பூமியின் அயனி மண்டலத்தையே அது அசைத்துவிட்டது.

தவறான முதல் சுற்றறிக்கையை யாரும் அழிக்கவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அது இன்றும் காப்பகத்தில், திருத்திய சுற்றறிக்கைகளுக்கு முன்னால், தன் எண்ணோடு இருக்கிறது. அடுத்தடுத்த எண்களைப் படித்துக்கொண்டே போனால், ஒரு கருத்து எப்படி எந்த மணியில் மாறியது என்பதை நாமே பின்தொடரலாம். பிழையை ஒளிக்காமல் எண்ணாகவே எழுதிவைக்கும் அறிவிப்பின் பழக்கம் சுற்றறிக்கைகளிலும் தொடர்கிறது என்று சொல்லலாம்.

அன்றைய பின்னொளியை நான் பார்க்கவில்லை. மறுநாள், வெளிநாட்டில் உள்ள தொலைநோக்கிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் நேரம் வாங்கினேன். காற்று அதிகம் என்று கூரை மூடியே இருந்தது. பணம் மட்டும் கழிக்கப்பட்டது. மூன்று மின்னஞ்சல்களுக்குப் பிறகு பாதித் தொகை திரும்பி வந்தது. ஜி.சி.என்.-ஐ நம்பி வாடகைத் தொலைநோக்கி எடுக்க நினைப்பவர்கள், கூரை மூடியிருந்தால் கட்டணம் என்ன ஆகும் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சுற்றறிக்கைகளே இந்தச் சேவையின் உண்மையான செல்வம் என்பது என் கருத்து. அறிவிப்பை இயந்திரம் எழுதுகிறது. சுற்றறிக்கையை மனிதர்கள், சுருக்கமான உரைநடையில், பெயரோடு எழுதுகிறார்கள். நம் ஊரைச் சார்ந்த முயற்சிகள் இவற்றில் அடிக்கடி தென்படுவது கூடுதல் மகிழ்ச்சி. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் சி.இசட்.டி.ஐ. கருவி, இயங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே ஒரு வெடிப்பைக் கண்டு, பின்னர் ஐந்நூறைத் தாண்டியது. அதன் தரவுகள் பெங்களூரை அடுத்த பயலாலு வழியாக இறங்கி அலசப்பட்ட பிறகே சுற்றறிக்கை வரும் என்பதால், அது எச்சரிக்கையாகப் பயன்படாது, உறுதிப்படுத்தவே பயன்படும். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயின் 0.7 மீட்டர் குரோத் இந்தியா தொலைநோக்கி பின்னொளியைத் துரத்துவதற்கென்றே பெரிதும் பயன்படுகிறது. பக்கத்திலேயே நிற்கும் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை இயக்குபவர்கள் அமர்ந்திருப்பதோ, ஓல்ட் மெட்ராஸ் சாலையில் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஹொசகோட்டையில். மேகம் மூடிய இரவுகளில், அவர்களுக்குத் தெளிவான வானம் வாய்த்ததா என்று சுற்றறிக்கையில் தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

குறைகளும் உண்டு. காஃப்கா வழியில் எந்தக் கருவியின் எந்த வகை அறிவிப்பு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாமே தவிர, பெங்களூர் வானில் இப்போது தெரிவது மட்டும் போதும் என்று சொல்ல வழியில்லை. சல்லடையை நாமே செய்துகொள்ள வேண்டும். அலுவலகத்தில் காஃப்காவோடு மல்லுக்கட்டுபவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் இந்த ஊரில் அது பெரிய தடையன்று. நான் இருபது வரி பைத்தானில் முடித்துக்கொண்டேன். நிரல் எழுதாதவர் மின்னஞ்சலோடு நின்றுவிட வேண்டும், அதுவும் ஃபெர்மியைத் தேர்ந்தெடுத்தால் ஒரே வெடிப்புக்கு நான்கைந்து கடிதங்கள் வந்து குவியும். சூரியப் பிழம்புகளும் துகள் மழையும்கூடச் சில நேரம் வெடிப்பு வேடத்தில் வருகின்றன. இது எதுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்ற வரி ஃபெர்மி அறிவிப்பில் இருப்பதால், அதையும் பிழை வரியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சுற்றறிக்கை அனுப்ப விரும்பும் தனிநபருக்கு, ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அது எனக்குச் சற்று வருத்தம் தந்தாலும், நியாயமான விதி என்றே கருதுகிறேன்.

இனி, என்ன எதிர்பார்க்கலாம் என்ற கணக்கு. ஸ்விஃப்ட் ஆண்டுக்குத் தோராயமாக 90 வெடிப்புகளைக் கண்டுவந்துள்ளது. அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே உள்ள வானம் மொத்த வானத்தில் கால் பங்கு. அதிலும் பாதி நேரம் பகல். (வெறுங்கண்ணுக்கே எட்டும் பிரகாசத்தைத் தொட்ட 2008 மார்ச் 19 வெடிப்பு நமக்குப் பகல் 11.42-க்கு நிகழ்ந்தது என்பதை இங்கே பெருமூச்சோடு பதிவு செய்கிறேன்.) ஆக மிஞ்சுவது பதினொன்று. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மேகத்தைக் கழித்தால் ஐந்து அல்லது ஆறு. அவற்றிலும் பாதியின் பின்னொளி 8 அங்குலத்துக்கு எட்டாத அளவு மங்கலாகவே இருக்கும்.

ஒரு பிப்ரவரி இரவில் எனக்கு அது வாய்த்தது. அறிவிப்பு வந்து ஒன்பதாவது நிமிடத்தில் முதல் படம். முப்பது விநாடிப் படங்கள் நாற்பதை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, பழைய வான வரைபடத்தோடு ஒப்பிட்டேன். வட்டத்தின் கீழ் விளிம்பில், வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி, பக்கத்து விண்மீனைவிடச் சற்று மங்கலாக இருந்தது. துணி எடுக்க மேலே வந்த வீட்டுக்கார அம்மா திரையைக் குனிந்து பார்த்துவிட்டு, “இதுக்கா தம்பி சாப்பாட்டப் பாதியில வுட்டுட்டு ஓடியாந்த?” என்று கேட்டார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் நாற்பது படங்களைச் சேர்த்தபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்து விண்மீன் மட்டும் அங்கேயே இருந்தது. மறுநாள் காலை சுற்றறிக்கைகளில் வேறு தொலைநோக்கிகள் கொடுத்திருந்த இடத்தை என் படத்தின் மீது வைத்துப் பார்த்தேன். இரண்டு விகலை வித்தியாசம்.