தூய்மையை அளக்கும் கையடக்க ஒளிமானி: வைரஸுக்கு இது போதுமா?

துடைத்து முடித்த படுக்கைக் கம்பிகளும் கதவுக் கைப்பிடிகளும் உண்மையில் தூய்மையாகிவிட்டனவா என்று பார்க்க, எங்கள் மருத்துவமனை வார்டில் ஏ.டி.பி. (உயிரணுக்களில் ஆற்றலைச் சுமக்கும் வேதிப்பொருள்) ஒளிமானியைப் பயன்படுத்துகிறோம். ஸ்வாப் குச்சியால் 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள சதுரப் பரப்பைத் தேய்த்து, குழாயிலுள்ள திரவத்தோடு கலந்து கருவிக்குள் செருகினால், மின்மினிப் பூச்சியை ஒளிரச் செய்யும் அதே லூசிஃபெரேஸ் நொதி உயிர்ப்பொருளின் எச்சத்திலுள்ள ஏ.டி.பி.யோடு வினைபுரிந்து வெளியிடும் ஒளியை அளந்து, சில நொடிகளில் திரையில் ஓர் எண்ணைக் காட்டிவிடுகிறது. பளிச்சென்று தெரியும் கம்பியின் அடிப்பக்கத்தில் எண் எகிறுவதைத் துப்புரவுப் பணியாளர்கள் நேரில் பார்த்துவிட்டால், தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சிக்கு இதைத் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் வைரஸைக் கண்டறியும் கருவி என்று யாரேனும் விற்க வந்தால் நம்பாதீர்கள். வைரஸுக்குச் சொந்த வளர்சிதை மாற்றம் கிடையாது, அது ஏ.டி.பி.யை உற்பத்தி செய்வதில்லை. எனவே எண் குறைந்திருப்பதால் நோரோ வைரஸோ கொரோனா வைரஸோ அங்கே இல்லை என்று பொருளாகாது. ஆய்வகங்களில் உருவாகிவரும் தங்க நானோ துகள் உணரிகளின் வழி வேறு: துகளின் மேல் பதித்த எதிர்ப்பொருளில் வைரஸ் ஒட்டியதும், அத்துகள் உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் சற்றே நகர்கிறது. தூசும் சளியும் கலந்த மாதிரியில் அந்த நுண்ணிய நகர்வைப் பிரித்தறிவதுதான் கடினம்.

குளோரின் கரைசல் காயுமுன் ஸ்வாப் எடுத்தால் ஒளி மங்கி, பொய்யான நல்ல எண் வரக்கூடும். ஒருமுறை மட்டுமே பயன்படும் ஸ்வாபுகளின் தொடர்செலவையும் விசாரித்த பிறகே வாங்குங்கள்.