முதல் மரவேலை: மணையா, சுவர்த்தட்டா, ஸ்டூலா?

ஒரு கை ரம்பம், ஒரு ட்ரில், ஞாயிற்றுக்கிழமை பால்கனி. சென்னையில் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு மரவேலை பழக நினைப்பவருக்குப் பெரும்பாலும் இவ்வளவுதான் பட்டறை. முதலில் என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் சுவர்த்தட்டைத்தான் கைகாட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தட்டில் மரவேலையே கிடையாது. 18 மி.மீ. பிளைவுட்டை வாங்கும்போதே பல கடைகளில் அளவுக்கு அறுத்துக் கொடுத்துவிடுவார்கள், ஓரத்தை மறைக்கப் பீடிங் என்கிற மெல்லிய பட்டையை ஒட்டினால் முடிந்தது. தொல்லையெல்லாம் சுவரில்தான்: கான்கிரீட் என்றால் சாதாரண ட்ரில் ஏறாது, பழைய வீட்டில் பூச்சு உதிர்ந்து, ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் செருகிய பிளக் கையோடு வரும், வாடகை வீடு என்றால் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஹவுஸ் ஓனர் முகத்தைப் பார்க்க வேண்டும். புத்தகம் அடுக்க இடம் வேண்டுமா, சரி, செய்யுங்கள். தட்டைத் தாங்கும் ஆங்கிள்களுக்கு நடுவே 2 அடிக்கு மேல் விட்டால் பலகை தொங்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மட்டும் வேண்டாம், ஈரச் சுவரில் ஊதிவிடும்.

ஸ்டூல் நேர் எதிர், அதில் பாடம் அதிகம், தண்டனையும் அதிகம். நாலு காலில் ஒன்று கொஞ்சம் குட்டையானாலும் ஆடும், அதைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை அறுப்போம், அப்புறம் ஸ்டூல் மணையாகத்தான் முடியும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, ஆனால் காலுக்குச் சாய்வாகத் துளை போடுவது புதுக் கைக்கு வராது, ஓரமாக உட்கார்ந்தால் கவிழவும் செய்யும். ஆள் ஏறி நிற்கிற சாமான் என்பதால் இதை மூன்றாவது வேலையாக வைத்துக்கொள்ளலாம்.

அதனால் என் ஓட்டு மணைக்கு. பூஜைக்கு ஆகும், கொலுவில் ஒரு மூலைக்கு ஆகும், குழந்தை உட்கார்ந்து சாப்பிட ஆகும், கோணலாக வந்தாலும் யாரும் விழப்போவதில்லை. ஒரே பலகை மணைதான் அழகு, ஆனால் அவ்வளவு அகலத் தேக்குக்குக் கொடுக்கிற காசில் முதல் முயற்சி வேண்டாம். 5 அங்குல அகலம், 18 அங்குல நீளத்தில் இரண்டு பலகை, அடியில் குறுக்காக ஒன்றரை அங்குல உயரத்தில் இரண்டு கட்டை, போதும். பலகைகளுக்கு நடுவே ஒரு தீக்குச்சி கனத்துக்கு இடைவெளி விடுங்கள். மரம் ஐப்பசி மழையில் அகலவாக்கில் உப்பும், மே மாதத்தில் சுருங்கும், நீளவாக்கில் அனேகமாக அசையாது. பலகையின் முழு அகலத்துக்கும் பெவிகால் தடவிக் குறுக்குக் கட்டையோடு ஒட்டிவிட்டால் அது அசைய வழியில்லாமல் ஒருநாள் வெடிக்கும். பசையே வேண்டாம், கட்டையின் அடியிலிருந்து 2 அங்குல ஸ்க்ரூ, ஒரு பலகைக்கு ஒரு கட்டையில் இரண்டு, அதுவும் பலகையின் நடுப்பக்கமாக. முதலில் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு முடுக்குங்கள், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். ஸ்க்ரூ தலை உள்ளே அமுங்க வேண்டும், வெளியே நீட்டினால் தரையைக் கீறும்.

மரம் எது? பேக்கிங் பெட்டி பைன் மலிவு, அறுக்க வெண்ணெய் மாதிரி, கரையானுக்கும் அப்படித்தான். பலகையில் எம்.பி. (MB) என்று முத்திரை இருந்தால் பூச்சி சாக மீதைல் புரோமைடு என்ற விஷவாயு அடித்தது, தொடாதீர்கள், எச்.டி. (HT) என்றால் சூடு காட்டியது, பரவாயில்லை. புது மரமும் பிளைவுட்டும் தேடுவோர் சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் போவார்கள், ஆனால் மணைக்கு நான் சொல்வது இடித்த வீட்டுப் பழைய தேக்கு, ஜன்னல் சட்டமோ கதவுப் பலகையோ. வெள்ளை, அதாவது வெளிறிய வெளிப்பகுதி, தள்ளி, வைரம், அதாவது கறுத்து இறுகிய நடுப்பகுதி, உள்ள துண்டாகப் பார்த்து எடுங்கள். அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள், உள்ளே முறிந்த ஆணி கிடக்கும், ரம்பத்தின் பல்லை அதுதான் முதலில் தின்னும்.