லினக்ஸில் குறிகளும் எமோஜிகளும்: எந்த வழி கைக்கு எளிது?

‘38°’ என்று எழுத வேண்டும். அந்தச் சிறு வட்டத்துக்காக உலாவியைத் திறந்து, தேடி, நகலெடுத்து ஒட்டுபவர்கள் லினக்ஸ் பயனர்களிலும் இருக்கிறார்கள். அத்தனையும் வீண் அலைச்சல். அடுத்தடுத்து அடிக்கும் எழுத்துகளை ஒரே குறியாகச் சேர்க்கும் கம்போஸ் விசையைத் தட்டிவிட்டு ஆங்கில ‘ஓ’வை இருமுறை அடித்தால் போதும்.

1980களில் டெக் (DEC) என்ற கணினி நிறுவனத்தின் விசைப்பலகைகளில் தனியாகவே இருந்த விசை இது. இன்றைய பலகைகளில் இல்லாததால் அதற்கென ஒன்றை நாம்தான் ஒதுக்க வேண்டும். லினக்ஸின் திரைச்சூழல்களான க்னோம், பிளாஸ்மா இரண்டிலும் விசைப்பலகை அமைப்புகளில் இதற்கு இடமுண்டு. வலது ஆல்ட் எனக்கு வசதி. சேர்க்கைகள் பெரும்பாலும் குறியின் வடிவத்தையே ஒட்டியிருப்பதால் மனப்பாடம் தேவையில்லை: 1, 2 அடித்தால் ½, கழித்தல் குறியும் > குறியும் சேர்ந்தால் →. இல்லாததை நாமே சேர்க்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாள், மாதம், ஆண்டைக் குறிக்கும் ௳, ௴, ௵ மூன்றையும் முகப்பு அடைவிலுள்ள எக்ஸ்கம்போஸ் (.XCompose) மறைகோப்பில் வரிக்கொன்றாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கோப்பின் தொடக்கத்தில் கணினியில் ஏற்கெனவே உள்ள சேர்க்கைப் பட்டியலை இணைக்கும் வரி இருக்க வேண்டும். மறந்தால் பழைய சேர்க்கைகள் வேலை செய்யாது.

₹ மட்டும் போதுமென்றால் இந்த ஏற்பாடெல்லாம் வேண்டாம். ரூபாய்க் குறியுள்ள இந்திய ஆங்கில விசையமைப்பில் வலது ஆல்ட்டுடன் 4 அடித்தாலே வரும்.

கன்ட்ரோல், ஷிப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தி, அந்தக் குறிக்குரிய யூனிகோடு எண்ணைக் கொடுப்பது இன்னொரு வழி. 2192 அடித்து என்டர் தட்டினால் → வரும். எப்போதோ ஒருமுறை தேவைப்படும் குறிக்குச் சரி. தினமும் எண்களை யார் நினைவில் வைத்திருப்பது? எல்லாச் செயலிகளும் இதை ஏற்பதுமில்லை.

எமோஜி வேறு கதை. 3,000-க்கும் மேற்பட்ட படங்களுக்குச் சேர்க்கை எழுதி மாளாது. கண்ணால் பார்த்து எடுப்பதே முறை. ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு மென்பொருள் இருந்தால், அதன் பல பதிப்புகளில் கன்ட்ரோலுடன் முற்றுப்புள்ளியை அழுத்தி, எமோஜியின் பெயரை எழுதித் தேடலாம். ஆனால் விஷுவல் ஸ்டூடியோ கோடு என்ற நிரல் திருத்தியில் பிழைதிருத்தப் பரிந்துரைக்கும் அதே குறுக்குவிசைதான். நிரல் எழுதுபவர்கள் ஐபஸ் அமைப்பில் அதை மாற்றிக்கொள்வது நல்லது.

பிளாஸ்மா 5.18-இல் வந்த எமோஜித் தேர்வி சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னமுள்ள விசை) முற்றுப்புள்ளியும் சேர்ந்தால் திறக்கும். தேர்ந்த படம் நகலாகும். நாம் ஒட்ட வேண்டும். ஒரு படி கூடுதல்தான். ஆனாலும் அண்மையில் எடுத்தவற்றை அது தனியே காட்டுவதால், வழக்கமாக அனுப்பும் ஐந்தாறு முகங்களுக்காக நான் ஒவ்வொரு முறையும் தேடுவதில்லை. எமோஜிக்கு என் தேர்வு அதுவே.