பட்டியலா, முழுக் குறிப்பா, அட்டையா: மேற்கோள் மென்பொருளில் கண்ணுக்கு உகந்தது எது?

பெங்களூரில் ஆய்வு செய்யும் தமிழ் மாணவரின் மேற்கோள் கோப்பில் (ஆய்வில் சான்று காட்டும் நூல், கட்டுரை விவரங்களின் தொகுப்பில்) ஆங்கிலக் கட்டுரைகளோடு தமிழ் நூலும் கன்னட நூலும் கலந்தே இருக்கும். அவற்றைத் திரையில் காட்ட மூன்று வழிகள் உண்டு: நெடுவரிசைப் பட்டியல், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் விதி) போன்ற பாணியில் கோத்த முழுக் குறிப்பு, புலத்துக்கு (ஆசிரியர், ஆண்டு போன்ற ஒவ்வொரு விவரத்துக்கான கட்டத்துக்கு) ஒரு வரியாக விரியும் அட்டை.

தேடுவதற்குப் பட்டியல்தான். ஸோட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளில் ஆசிரியர் நெடுவரிசை குடும்பப்பெயரை மட்டும் காட்டும். மூன்று பேர் ஆனதும் முதல் ஆசிரியரோடு நிறுத்திக்கொள்ளும். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதுவும் ஒரே வரியில் அடங்கிவிடும். சிக்கல் நம் பெயர்களில். 'எஸ். வையாபுரிப் பிள்ளை' இறக்குமதியாகும்போது கடைசிச் சொல்லில் வெட்டுப்பட்டால் 'பிள்ளை' மட்டுமே தெரியும், எந்தப் பிள்ளை? குடும்பப்பெயர்ப் புலத்தில் 'வையாபுரிப் பிள்ளை', முன்பெயர்ப் புலத்தில் 'எஸ்.' என்று கையால் திருத்துவதே வழி. ஒற்றைப் புலமாக மாற்றினால் பெயர் முழுசாகத் தெரியும், ஆனால் அகரவரிசையில் 'எஸ்'ஸின் கீழ் போய் உட்காரும்.

முழுக் குறிப்பு அழகாக இருக்கும், அதுதான் ஆபத்தும். ராமனும் கிருஷ்ணனும் 1928இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்குத் தொகுதி 121, பக்கம் 501–502. தொகுதி எண் விடுபட்டால் ஏபிஏ பாணி சத்தமில்லாமல் 'நேச்சர், 501–502' என்று எழுதிவிடும். காற்புள்ளியும் புள்ளியும் சரியாக விழுவதால் கண் ஏமாறும். இருபது பேர் வரை எல்லாரையும் எழுதச் சொல்கிறது ஏபிஏ ஏழாம் பதிப்பு. அப்போது தலைப்பு நான்காம் வரிக்கு ஓடும். நூல் தலைப்புக்குச் சாய்வெழுத்து வேறு. பல தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, மென்பொருள் எழுத்தை வலிந்து சாய்க்கும். திரைக்குத் தடித்த எழுத்தே போதும்.

அட்டையில் 'தொகுதி' என்ற பெயருக்கு எதிரே வெற்றிடம் நிற்கும். பிழை தேட இதைவிட நல்ல காட்சி இல்லை. ஆனால் எல்லா வெற்றுப் புலங்களையும் காட்டினால் முக்கியமானது தொலையும். இதழ்க் கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், டிஓஐ (கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்) ஆகிய ஏழும் காலியாக இருந்தாலும் தெரியட்டும். மற்றவை மதிப்பு இருந்தால் மட்டும். அட்டையின் குறை, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்பது.

ஆகவே இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் அட்டை என்று வைப்பதே எங்கள் பரிந்துரை. முழுக் குறிப்பு சமர்ப்பிக்கும் முன் பார்க்க மட்டும். ஜாப்ரெஃப் என்ற மேற்கோள் மென்பொருளில் தேர்ந்து வைத்த பாணிகள் எஃப்9 விசையில் ஒவ்வொன்றாக மாறும், அது போதும்.

மூன்றுக்கும் பொதுவான தமிழ்த் தேவைகள் சில. வரி உயரம் எழுத்தளவைப்போல் 1.5 மடங்காவது வேண்டும், இல்லையேல் மேல்வரிக் 'கூ'வும் கீழ்வரிக் 'கி'யும் முட்டும். நீளத் தலைப்பை யூனிகோட் குறிகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் எண் குறியீடுகளை) எண்ணி வெட்டக் கூடாது: 'தமிழ்' ஐந்து குறி, நான்கில் வெட்டினால் புள்ளி போய் 'தமிழ' ஆகும். வரிசைப்படுத்துவதும் குறியெண்படி வேண்டாம். அப்படிச் செய்தால் 'ன' 'ப'வுக்கு முன்னும், 'ற' 'ல'வுக்கு முன்னும் வந்துவிடும். தமிழுக்குரிய வரிசை விதியை மென்பொருளிடம் கேட்டு வாங்க வேண்டும்.