எம்.எஸ்சி. பயிர் நோயியல்: படித்தவனின் மதிப்புரை

இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். முதல் வருடம் பெரும்பாலும் வகுப்புதான்: பூஞ்சை, பாக்டீரியா, வைரஸ் எனத் தனித்தனித் தாள்கள். பி.எஸ்சி.யில் மேலோட்டமாகப் பார்த்ததையே ஆழமாகப் படிப்போம், அவ்வளவுதான். இந்தப் படிப்பின் உயிர் தீசிஸில் இருக்கிறது.

எனக்கு அமைந்தது நிலக்கடலைத் தண்டழுகல். திருவண்ணாமலைப் பக்கத்து வயல்களில் வாடிய செடியைப் பிடுங்கினால், மண்ணை ஒட்டிய தண்டில் வெள்ளைப் பூஞ்சணம், அதன்மேல் கடுகு மாதிரி பழுப்பு உருண்டைகள். ஸ்கிளிரோசியம் ரால்ப்சி என்ற பூஞ்சையின் வேலை. அந்த உருண்டைகள் வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து, ஈரம் கண்டதும் முளைக்கும். ஒருமுறை மருந்தடித்து முடிக்கிற சங்கதி இல்லை.

நோயுற்ற தண்டை நறுக்கி, மேலே ஒட்டிய கிருமி போக சோடியம் ஹைப்போகுளோரைட்டில் முக்கி, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று தடவை அலசி, பிடிஏ (பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு, டெக்ஸ்ட்ரோஸ், அகார் கலவை) தட்டில் வைக்க வேண்டும். அந்த பிடிஏ காய்ச்ச லிட்டருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு. லேபில் எப்போதும் சமையல்கட்டு வாசனைதான். தூய வளர்ப்பு கிடைத்ததும் அதை நல்ல செடிக்குக் கொடுத்து, நோய் வரவைத்து, அதிலிருந்து அதே பூஞ்சையை மறுபடி பிரித்தெடுத்தால்தான் காரணம் இதுதான் என்று சொல்லலாம். காக் விதிகள் எனப்படும் இது பரீட்சையில் நாலு வரி, கையால் செய்யும்போது மாதக்கணக்கு. சலிப்பான வேலை. எனக்கு அது பிடித்திருந்தது.

நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவையும் நோய்ப் பூஞ்சையையும் ஒரே தட்டில் எதிரெதிரே வைத்தால், முன்னது படர்ந்து மற்றதன்மேல் ஏறி அமுக்கும். பார்க்கவே அலாதி! ஆனால் தட்டில் ஜெயித்தது காய்ந்த மண்ணில் ஜெயிக்காது. ஹெக்டேருக்கு 2.5 கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து போடச் சொல்வது ஏன் என்று வயலில் நிற்கும்போதுதான் உறைக்கும்.

குறைகளும் உண்டு. கல்லூரிப் பெயர் வேண்டாம். லாமினார் கேபினுக்கு (கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டி) வரிசை, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் பழுதானால் ஆள் வரும்வரை வேலை நிற்கும், உதவித்தொகை தாமதம், அவசர ரசாயனத்துக்குக் கைக்காசு. வழிகாட்டி யார் என்பதைப் பொறுத்து அனுபவமே மாறிவிடும். சேரும் முன் அவரிடம் படித்த சீனியர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேலைக்காக மட்டும் சேர நினைப்பவர்கள் யோசிக்கவும். டிஎன்பிஎஸ்சி வேளாண்மை அலுவலர், வங்கி வேளாண் அலுவலர் தேர்வுகளுக்கு பி.எஸ்சி.யே போதும். அதற்குப் படிக்க ஹாஸ்டல் ரூம் கிடைக்கும் என்று எம்.எஸ்சி. சேருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தீசிஸ் அவர்களைப் படுத்தி எடுத்துவிடும். ஏஎஸ்ஆர்பி நெட் (வேளாண் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்.டி., ஆராய்ச்சி என்று போகிறவர்களுக்கு இது சரியான வழி.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். சேர்ந்தாச்சு என்றால் 10 மடங்கு கைலென்ஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், லேபில் இருப்பது அவசரத்துக்குக் கைக்குக் கிடைக்காது.