எடைமேடை அறைக்கு எந்த மதர்போர்டு: மினி ஐடிஎக்ஸா, ராஸ்பெர்ரி பையா?

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் அரிசி ஆலையில் எடைமேடை அறை பத்துக்கு எட்டு அடி. ஜன்னலைத் திறந்தால் உமித்தூசி மேசையில் படியும். மூடினால் சித்திரை வெயிலில் உள்ளே உட்கார முடியாது. நெல் லாரி மேடை ஏறியதும் இண்டிகேட்டர் காட்டும் எடையை வாங்கிச் சீட்டு அச்சடிப்பதுதான் அங்கே கணினிக்கு வேலை. ஆனால் அறுவடைக் காலத்தில் அது ஒரு மணி நேரம் நின்றால் லாரிகள் சாலை வரைக்கும் வரிசை கட்டிவிடும்.

பழைய கணினியின் விசிறியில் தவிடு அடை அடையாக அப்பிக்கொண்டு, சுற்றாமலே போய்விட்டது. அடுத்தது விசிறியே இல்லாததாக இருக்க வேண்டும் என்று தேடியதில் இரண்டு மிஞ்சின. ஒன்று, இன்டெல் என்100 செயலி பதித்த, மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவிலான மதர்போர்டு (கணினியின் தாய்ப்பலகை). மற்றொன்று ராஸ்பெர்ரி பை 5 என்ற, ஒரே பலகையில் அடங்கிய சிறு கணினி. நான் வாங்கியது மினி ஐடிஎக்ஸ்.

வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சீட்டு அடிக்க இரண்டுமே தாராளம். அளவில் பைதான் சிறியது: 85க்கு 56 மி.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். மினி ஐடிஎக்ஸ் 17 செ.மீ. சதுரம். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த அளவு அது. அதன் திருகுத் துளைகள் பெரிய மதர்போர்டுகளின் துளைகளோடு ஒத்துப்போவதால், எங்கள் பழைய பெட்டியிலேயே துளை போடாமல் பொருத்திவிட்டேன்.

மென்பொருள் விஷயத்தில் பைக்குக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும். எங்களிடம் இருந்தது விண்டோஸுக்கு எழுதிய எடைமேடை மென்பொருள். பையில் இருப்பதோ இன்டெல்லிலிருந்து வேறான ஆர்ம் வகைச் செயலி, அந்த மென்பொருள் அதில் அப்படியே ஓடாது. மைத்துனர் மகன் லினக்ஸில் புதிதாக எழுதித் தருகிறேன் என்றான், செய்யக்கூடியவன்தான். இண்டிகேட்டரிலிருந்து எடையை அனுப்பும் ஆர்எஸ்-232 கம்பியைப் பையின் முள்களில் நேரே செருகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த முள்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. நடுவில் மாற்றிச் சில்லோ யுஎஸ்பி மாற்றியோ கட்டாயம். பல மினி ஐடிஎக்ஸ் பலகைகளில் அந்தக் கம்பி சேரும் காம் போர்ட்டுக்கான முள்வரிசை இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. வாங்குமுன் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது இவை எதுவும் அல்ல. பழுதானால் அன்றைக்கே உள்ளூரில் சரிசெய்ய முடியுமா என்ற ஒரே கேள்விதான்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு கேட்டில் வண்டி வரவைப் பதிவுசெய்ய மெமரி கார்டில் இயங்கும் சிறு கணினி ஒன்றை வைத்திருந்தோம். ஒரு மாலை கரண்ட் போய் வந்தபின் அது எழுந்திருக்கவே இல்லை. கார்டு எழுத்தின் நடுவே கெட்டுப்போயிருந்தது. நான்கு நாள் பதிவுகளை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து இரவெல்லாம் மறுபடி ஏற்றினேன். பை 5-இல் தனி இணைப்புப் பலகை வாங்கி, கார்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் போடலாம், அது நல்ல வழிதான். ஆனால் அந்தப் பலகை, தட்டையான நாடாக் கம்பி, 5 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், கடிகாரத்துக்கான சிறு பேட்டரி என்று ஒவ்வொன்றும் அதற்கென்றே செய்த பொருள். 3 ஆம்பியர் அடாப்டர் செருகினாலும் பை இயங்கும். யுஎஸ்பி சாதனங்களுக்குத் தரும் மின்சாரத்தைத்தான் குறைத்துக்கொள்ளும். ராம் நினைவகம் பலகையோடு பற்றவைத்தது, அது போனால் பலகையே போனது.

என் மதர்போர்டில் லேப்டாப் ராம், சாதாரண எஸ்எஸ்டி, கடிகாரத்துக்கு சிஆர்2032 பட்டன் பேட்டரி. அந்தப் பேட்டரியை வாட்ச் கடைக்காரரே தருவார். எடைச் சீட்டில் தேதி தவறினால் விவசாயியிடம் பதில் சொல்ல முடியாது என்பதால் இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. மின்சாரம் 19 வோல்ட் அடாப்டர் வழியாக வருகிறது. ஐப்பசியில் இடி இடித்த ஒரு மதியம் அந்த அடாப்டர் கருகியது. மதர்போர்டைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு லேப்டாப் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் டப்பாவிலிருந்து நான்கு அடாப்டர்களை எடுத்து முனையைச் செருகிச் செருகிப் பார்த்தார், மூன்றாவது பொருந்தியது. ஒரு மணி நேரத்தில் மறுபடி எடை போட ஆரம்பித்துவிட்டோம். கரண்ட் வந்ததும் தானாக எழும்படி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) முதல் நாளே மாற்றி வைத்திருந்தேன். வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

ஓராண்டுதான் ஓடியிருக்கிறது, ஐந்து ஆண்டு உழைக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். விசிறி இல்லாவிட்டாலும் செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் இடுக்கில் தூசி சேரத்தான் செய்கிறது. மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். தொழிற்சாலைகளுக்கென்றே வரும் 3.5 அங்குலப் பலகைகள் பலவற்றில் நாலைந்து காம் போர்ட்டுகள் உண்டு, 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்பவையும் உண்டு. அவற்றின் விலை எங்கள் ஒற்றை மேடைக்குக் கட்டுபடியாகவில்லை, அதனால் வாங்கிப் பார்க்கவில்லை.

அடுத்து நெல் உலர்த்தியின் வெப்பநிலையை ஆறு இடங்களில் அளந்து பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. உணரிகளை நேரே கட்டப் பையின் 40 முள்கள் அங்கே உதவும், ஒரு நாள் நின்றாலும் லாரி நிற்காது. அதற்குப் பைதான் வாங்கப்போகிறேன்.