தக்கலை பக்கம் தடி மில்லுல வாங்கின பிலாப் பலகை, கிச்சன் மேடைக்கு கொள்ளாம்

கிச்சன் மேடைக்கு கிரானைட் வேண்டாம்னு குமரி மாவட்டத்துல தக்கலை பக்கம் ஒரு தடி மில்லுல (மரம் அறுக்கிற மில்லு) பிலாப் பலகை, அதாவது பலா மரப் பலகை, எடுத்தோம், ஒன்றரை இன்ச் கனம், மில்லுக்கார அண்ணாச்சி நல்லா காஞ்சதா பாத்து தந்தாரு, ஓரத்துல வெள்ளை (மரத்தோட வெளிப்பக்க இளசு பாகம்) இருந்த பலகைய அவரே தள்ளி வச்சிட்டாரு, பூச்சி முதல்ல அதுலதான் ஏறும்னு. அந்த நேர்மைக்கே அஞ்சு ஸ்டார் குடுக்கலாம். பிளேனிங் (மெஷின்ல இழைக்கிறது) மட்டும் சுமார்தான், மெஷின் தடம் அலை அலையா தெரிஞ்சுது, 80, 120, 180னு உப்புத்தாள் போட்டு தேச்ச பிறகுதான் வழவழன்னு வந்துச்சு.

ஃபினிஷிங்குக்கு வார்னிஷ் வேண்டாம், சிங்க் ஓரத்துல ஒரு கீறல் விழுந்தா தண்ணி உள்ள இறங்கி கறுத்துரும். காய்ச்சாத ஆளி விதை எண்ணெய மெல்லிசா தேச்சு மிச்சத்த துடைச்சிருங்க, காய நாளாகும், ஆனா பாய்ல்டுன்னு விக்கிற டப்பால பெரும்பாலும் சீக்கிரம் காயறதுக்கு உலோக ட்ரையர் கலந்திருக்கும், சமையல் மேடைக்கு அது எதுக்கு. அடிப்பக்கமும் கண்டிப்பா தேய்க்கணும், இங்க ரெண்டு பருவமழையும் உண்டே, ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சா பலகை வளைஞ்சிரும். துடைச்ச துணிய சுருட்டிப் போட்டுராதீங்க, தானா சூடேறி தீப்பிடிக்கும், வெளிய விரிச்சுப் போட்டு காய விடுங்க.

மஞ்சளா இருந்த பிலா இப்ப தேன் கலருக்கு வந்துட்டு, அவ்வளவு அழகு. மீன் வெட்டுற இடத்துக்கு மட்டும் கல்லே போடுங்க.